கொழும்புக்குப் புதியவரா? கடலோரச் சாப்பாட்டை மணி பார்த்துத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கொழும்புக்கு வருகிறவர்களில் பலர் ஊர் திரும்பும்போது ஒரே குறையைச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "கொழும்பில எல்லா ஊர்ச் சாப்பாடும் கிடைக்குது, கொழும்புச் சாப்பாடு எண்டு ஒண்டைக் காணேல்லை." எங்கே சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டால் காரணம் விளங்கிவிடும். மத்தியானம் ஒரு மணிக்கு அப்பம் தேடியிருப்பார்கள். பின்னேரம் நாலு மணிக்குச் சோறு கேட்டு, அடிச்சட்டியில் கிடந்ததை வாங்கியிருப்பார்கள். காலையில் காலிமுகத்திடலுக்குப் போய், புல்லையும் காற்றையும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

இந்த ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு மணி இருக்கிறது, ஒரு தெருவும் இருக்கிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் என்று எல்லாரும் ஒரே கடற்கரையை ஒட்டி அடுப்பு மூட்டிய நகரம் இது. ஒருவர் அடுப்பு அணைகிற நேரத்தில் இன்னொருவர் அடுப்பு பற்றும். அந்த வரிசை பிடிபட்டால் குறைந்த காசில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம். விலைகளை இங்கே எழுதவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஏறிய விலைகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும்.

முதலில் தங்குமிடம்

பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில், காலி வீதியை ஒட்டித் தங்கப் பாருங்கள். வெள்ளவத்தை என்றால் இன்னும் நல்லது. தமிழில் பேசியே எல்லாக் காரியமும் முடிக்கலாம், கடலும் பக்கத்தில். கோட்டையில் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. ஆனால் இரவு ஏழு மணிக்கு மேல் அங்கே ஒரு சாதாரணச் சாப்பாட்டுக்கடை தேட நடக்க வேண்டியிருக்கும்.

போக்குவரத்துக்கு இரண்டு வழி. பாணந்துறை-புறக்கோட்டை 100ஆம் இலக்க பஸ்ஸும் மொரட்டுவை-புறக்கோட்டை 101ஆம் இலக்க பஸ்ஸும் காலி வீதியில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் இடங்களில் பெரும்பாலானவற்றை அவற்றிலேயே எட்டிவிடலாம். மற்றது கரையோர ரயில். கோட்டையிலிருந்து தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை வரை கடலை ஒட்டியே போகும். காலையிலும் மாலையிலும் அலுவலகக் கூட்டம் ஏறுகிற நேரத்தைத் தவிர்த்தால் சரி. ஆட்டோ என்றால் மீற்றர் போட்டதில் ஏறுங்கள், இல்லையென்றால் பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள்.

காலை: கஞ்சியும் இடியப்பமும்

விடிகாலையில் எழும்பக் கூடியவர்கள் இலைக்கஞ்சியில் தொடங்குங்கள். சிங்களத்தில் கொலகெந்த என்பார்கள். வல்லாரை, முடக்கொத்தான், சாத்தாவாரி மாதிரியான இலைகளில் ஏதாவது ஒன்றை அரைத்துப் பிழிந்த சாறு, சிவப்பரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால், உப்பு. அவ்வளவுதான். நடைப்பயிற்சிக்காரர்கள் கூடுகிற இடங்களில் காலை எட்டு மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். கஞ்சியோடு ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி தருவார்கள், கித்துள் என்பது ஒரு பனைவகை. அதைக் கஞ்சிக்குள் போட்டுக் கரைக்காதீர்கள். ஒரு கடி கருப்பட்டி, ஒரு வாய் கஞ்சி என்று குடித்தால்தான் இலையின் கைப்பும் கருப்பட்டியின் இனிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

அப்புறம் இடியப்பம். வெள்ளை மாவிலும் சிவப்பரிசி மாவிலும் கிடைக்கும். முதல் தடவை என்றால் சிவப்பைக் கேளுங்கள், அரிசியின் மணம் அதில்தான் முழுசாக இருக்கும். எண்ணிக்கை சொல்லித்தான் வாங்க வேண்டும். கூடவே சொதி, சம்பல், வேண்டுமானால் ஒரு கறி.

கடை நல்ல கடையா என்று பார்க்கச் சொதியைப் பாருங்கள். நல்ல சொதி மஞ்சளாக, தண்ணிப் பதமாக இருக்கும். வெட்டிய வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்தயமும் கறிவேப்பிலையும் மேலே மிதக்கும். தேசிக்காய்ப் புளியைச் சட்டியை இறக்கின பிறகுதான் விடவேண்டும். அடுப்பிலிருக்கும்போதே விட்டால், அல்லது புளி விட்ட சொதியைத் திரும்பச் சூடாக்கினால், பால் திரைந்து சின்னச் சின்னத் திப்பிகளாக நிற்கும். கரண்டியால் ஒரு தரம் கிளறினாலே தெரிந்துவிடும். திரைந்த சொதி வைத்திருக்கிற கடையில் மற்றதும் நேற்றையதாக இருக்கக்கூடும்; எழும்பி அடுத்த கடைக்குப் போங்கள்.

தேங்காய்ச் சம்பலும் காலைக்குரிய பண்டம்தான். துருவிய தேங்காயும் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து இடித்து, கடைசியில் புளி பிழிந்தது. ஈரமாக, செம்மஞ்சளாக இருக்கும்போது சாப்பிட வேண்டும். வெயில் ஏற ஏறத் தேங்காய் புளித்துப்போகும். மத்தியானத்துக்கு மேல் அதே சம்பலைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இடியப்பத்துக்கு மனமில்லாதவர்களுக்கு ரோஸ் பாணும் (பாண் என்றால் பேக்கரி ரொட்டி) பருப்பும் சம்பலும் இருக்கின்றன. பாண் காலையிலும் பின்னேரத்திலும் சூடாக இறங்கும். ஒழுங்கைக்கு ஒழுங்கை பாண் ஆட்டோ ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு வரும். கைகாட்டினால் நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் வைத்த மாலுபாண், சீனி பனிஸ், முதலை வடிவத்தில் நீட்டிச் சீனி தூவிய கிம்புலா பனிஸ் எல்லாம் அடுக்கியிருக்கும். பிள்ளைகளோடு வந்தவர்கள் கிம்புலா பனிஸ் வாங்கிக் கொடுக்காமல் போகக்கூடாது.

சைவக்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்

இந்தியாவிலிருந்து வருகிற சைவ உணவுக்காரர்கள் இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்வது மாசியில். மாசி என்றால் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கல்லாகக் காயவைத்த மாலைதீவுக் கருவாடு. இடித்துத் தூளாக்கிச் சம்பலில் போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ச் சம்பல், செத்தல் மிளகாயை இடித்த கட்டைச் சம்பல், வெங்காயத்தை வதக்கி இனிப்பாகச் செய்த சீனிச் சம்பல் மூன்றிலும் இருக்கலாம். மரக்கறி என்று பலகை போட்ட சோற்றுக்கடையில், கீரைக்குள்ளும் இருக்கலாம்.

ஆகவே "மாசி போட்டிருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "மீன் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் மனதில் கறிமீன்தான் வரும், இல்லை என்றுதான் பதில் சொல்வார். அதில் அவர் பொய் சொல்லவில்லை. சிங்களக் கடை என்றால் "உம்பலகட நெத்துவ" என்று சொன்னால் போதும், மாசி இல்லாமல் என்று விளங்கிக்கொள்வார்கள். "மிரிஸ் அடுவென்" என்றால் காரம் குறைய.

முழுச் சைவமாகவே சாப்பிட வேண்டும் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு ஆகிய இடங்களில் இருக்கிற சைவக் கடைகளுக்குப் போய்விடுங்கள். மேசையில் ஒரு தட்டு வடை வைத்துவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும் என்றில்லை. எடுத்ததை மட்டும் எண்ணிக் காசு எடுப்பார்கள்.

மத்தியானம்: ஒரு மணிக்கு முன்

சோற்றுக்கடைக்குப் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் போக வேண்டும். கறிகள் காலையில் சமைத்து இறக்கினவை. அந்த நேரத்தில்தான் எல்லாக் கறியும் இருக்கும், எல்லாம் சூடாக இருக்கும். இரண்டு மணிக்குப் போனால் பருப்பும் சோறும்தான் மிஞ்சும்.

சிங்களச் சோற்றுக்கடையில் சட்டிகள் வரிசையாக இருக்கும். சோறு வெள்ளையா சிவப்பா என்று கேட்பார்கள். பிறகு ஒரு மீனோ இறைச்சியோ, மூன்று நாலு மரக்கறி. இங்கே ஒன்றை விட்டுவிடாதீர்கள்: அம்புல் தியல். தென்பகுதிக் கரையோரத்தின் மீன் கறி. சூரை மாதிரியான கெட்டி மீனைக் கொறுக்காய்ப்புளியும் மிளகும் பூசி, குழம்பே இல்லாமல் வற்றும்வரை வைத்தது. பார்க்கக் கறுப்பாக, காய்ந்த கட்டிபோல் இருக்கும். அதைப் பார்த்துப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். சோற்றோடு ஒரு சின்னத் துண்டு பிசைந்து பாருங்கள். புளிப்பு முதலில், மிளகு பின்னால் வரும். தேங்காய்ப்பால் சேராததால் நாள்பட இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மீனைக் கெடாமல் வைக்கக் கரையோர மக்கள் பிடித்த வழி அது.

வெள்ளவத்தையில் யாழ்ப்பாணச் சமையல் கடைகள் வேறு கதை. நண்டுக் கறி, கணவாய், இறால், பாரை, விளைமீன் என்று அன்றன்றைக்கு வந்ததைப் பொறுத்துத்தான் சட்டி. உட்கார்ந்ததும் "இண்டைக்கு என்ன மீன் அண்ணை?" என்று கேளுங்கள். அட்டையில் அச்சடித்த பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பதைவிட அது நல்லது. நண்டுக் கறியில் கடைசியில் முருங்கையிலை போட்டிருந்தால் வீட்டுக் கைப்பக்குவம் தெரிந்த சமையல் என்று நம்பிச் சாப்பிடலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும், மீன் குறையும், விலை ஏறும். அந்த மாதங்களில் மீன் துண்டு சின்னதாக இருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

ஒடியல் கூழ் குடிக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். எல்லா நாளும் கிடைக்காது, சில கடைகளில் வார இறுதியில் வைப்பார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் ஒரே பானையில், புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் கொதித்தது. காரம் கடுமையாக இருக்கும். அதைச் சாப்பிட்ட அன்றைக்குப் பின்னேரம் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

லம்பிரைஸ் என்ற பறங்கியர் சாப்பாட்டைத் தமிழர்கள் பலர் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. இறைச்சி வேகவைத்த சாற்றில் ஆக்கின சோறு, கலந்த இறைச்சிக் கறி, பொரித்த இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், கூனியிறால் சேர்த்த பிளாச்சான் என்று எல்லாவற்றையும் வாட்டிய வாழையிலையில் பொதி கட்டி, அடுப்பில் வைத்துச் சூடேற்றித் தருவது. பொதியைப் பிரிக்கும்போது இலையின் மணம் சோற்றுக்குள் இறங்கியிருக்கும். டச்சு பறங்கியர் சங்கம் 1908இல் தொடங்கியது. பம்பலப்பிட்டிப் பக்கம் ரீட் அவென்யூவில் இருக்கிற அவர்களுடைய கட்டடத்தில் இருக்கும் உணவகத்தில் மரபான முறையில் செய்ததைச் சாப்பிடலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: மரபான பொதியில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேரும். சாப்பிடாதவர்கள் கோழிப் பொதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நாலு மணி: தேத்தண்ணியும் கடியும்

பேக்கரிக்குள் போய் உட்கார்ந்தால் ஒரு தட்டில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், முக்கோண மீன் ரொட்டி எல்லாம் கலந்து கொண்டுவந்து வைப்பார்கள். வடைத்தட்டு முறைதான், எடுத்ததற்கு மட்டும் காசு. எதற்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. மீன், கோழி, மாடு, மரக்கறி எல்லாம் ஒரே வடிவத்தில் வரும், ஆகவே கேட்டுவிட்டு எடுங்கள். இரண்டாவது தடவை எண்ணெய்ச் சட்டி ஏறுவது மூன்றரை, நாலு மணிக்கு. அப்போது வந்த ரோல்ஸைக் கடித்தால் மேலே பூசிய பாண்தூள் மொறுமொறுப்பாகவும் உள்ளே கிழங்கும் இறைச்சியும் ஆவி பறக்கவும் இருக்கும். காலையில் பொரித்தது மாலையில் தொய்ந்துபோகும்.

குடிக்க பிளேன்டீ கேளுங்கள், இஞ்சி தட்டிப் போட்டது. பால் தேத்தண்ணி இங்கே பெரும்பாலும் பால்மாவில் கலப்பது. சென்னைத் தேநீர்க்கடைப் பால் ருசியை அதில் எதிர்பார்க்க வேண்டாம். வெயில் தாங்கவில்லையென்றால் தெருவோரம் செவ்விளநீர் குலை தொங்கும். வெட்டிக் குடித்துவிட்டு, வழுக்கையை வழித்துத் தரச் சொல்லுங்கள். புறக்கோட்டைப் பக்கம் அலைகிறவர்களுக்கு சர்பத்தும் பலூடாவும். ரோஜாச் சாறு, பால், ஜெலி, ஊறிய கசகசா (இங்கே அது சப்ஜா விதை). அதிகம் விளக்கத் தேவையில்லை.

மாலை: காலிமுகத்திடலில் இறால் வடை

ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் உலாப்பாதையாக அமைத்த இடம் காலிமுகத்திடல். இன்றைக்கும் மாலையானால் பாதி ஊர் அங்கேதான் நிற்கும். பட்டம் விடுகிறவர்கள், குடைக்குள் ஒதுங்கிய காதலர்கள், சவர்க்கார நுரைக் குமிழி ஊதுகிற பிள்ளைகள், நடுவில் வரிசையாகக் கண்ணாடி வண்டிகள். ஐந்தரைக்குப் போங்கள். வெயில் தணிந்திருக்கும், எண்ணெய் புதிதாக இருக்கும், சூரியன் கடலில் இறங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும்.

இங்கே வந்து இறால் வடை சாப்பிடாமல் போகிறவர்களைப் பார்த்தால் கூப்பிட்டு நிறுத்த வேண்டும் போலிருக்கும். சிங்களத்தில் இஸ்ஸோ வடே. ஊறவைத்து ஒன்றிரண்டாக அரைத்த பருப்பு மாவைக் கையில் தட்டி, மேலே முழு இறாலைத் தலையும் ஓடுமாக அழுத்தி வைத்துப் பொரிப்பார்கள். எண்ணெயில் இறங்கியதும் இறால் சிவந்து சுருண்டு பருப்புக்குள் கவ்விக்கொள்ளும். வடையைத் தாளில் வைத்து, நறுக்கிய வெங்காயமும் தக்காளியும் மிளகாய்ச் சாறும் மேலே அள்ளிப் போட்டுத் தருவார்கள். இறாலின் ஓட்டை உரிக்க வேண்டாம், சின்ன இறாலானால் ஓடு மொறுமொறுவென்று நொறுங்கும். தலை பிடிக்காவிட்டால் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணாடிக்குள் மலைபோல் அடுக்கி வைத்திருக்கிற வண்டியைப் பார்த்துப் போகாதீர்கள். அந்த அடுக்கின் அடியில் இருப்பது எப்போது பொரித்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளூர்க் குடும்பங்கள் நின்று காத்திருக்கிற வண்டி எது, எண்ணெய்ச் சட்டி ஓயாமல் எரிகிற வண்டி எது என்று இரண்டு நிமிடம் நடந்து பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். போய் நின்று, "அண்ணே, புதிசா ஒண்டு போட்டுத் தாங்க, நிண்டு வாங்கிறம்" என்று சொல்லுங்கள். மறுக்கிறவர் அரிது. இறாலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். கடல் மணம் மட்டும்தான் வரவேண்டும், அமோனியா வாடை சிறிதும் வரக்கூடாது. விலையை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நண்டு பொரித்து வைத்திருந்தால் அதன் விலையையும்.

வடைக்குப் பிறகு அச்சாறு. மாங்காய், அன்னாசி, அம்பரெல்லா, வெரளிக்காய் ஆகியவற்றை உப்பு, மிளகாய்த்தூள், சீனி, வினாகிரியில் புரட்டியது. ஒரு சின்னப் பை போதும். பல் கூசும், கை நிற்காது.

இரவு: அப்பம், அப்புறம் கொத்து

கொழும்பில் அப்பம் இரவுப் பலகாரம். சில கடைகளில் விடிகாலையிலும் இருக்கும், ஆனால் ஏழு மணிக்கு மேல்தான் கடைவாசலில் நாலைந்து அடுப்பு வரிசையாக எரியும். அப்பக்காரர் கரண்டி மாவை விட்டுச் சட்டியை ஒரு சுழற்றுச் சுழற்றுவார், விளிம்பு பூத்தாற்போல் மெல்லிசாகப் பிடிக்கும், நடு மட்டும் தடிப்பாக நிற்கும். மூடியைப் போட்டு எடுத்தால் ஆயிற்று. முட்டை அப்பம் கேட்டால் நடுவில் ஒரு முட்டையை உடைத்து விடுவார். "மஞ்சள் கரு இளக்கமா இருக்கட்டும்" என்று சொல்லிவையுங்கள். இரண்டு வெறும் அப்பம், ஒரு முட்டை அப்பம், கட்டைச் சம்பல். கடைசியில் இனிப்புக்குப் பால் அப்பம்.

அப்பத்தைப் பார்சல் கட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆவி பட்டு விளிம்பு தொய்ந்து தோல்போல் ஆகிவிடும். சட்டியிலிருந்து தட்டு, தட்டிலிருந்து வாய். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அடுப்படிக்குக் கிட்ட மேசை கிடைத்தால் அதைவிட வேறு நல்ல இடம் இல்லை.

கொத்து ரொட்டிக் கடையைத் தேட வேண்டியதில்லை, காது காட்டிவிடும். கிழக்கிலங்கையில் பிறந்ததென்று சொல்லப்படுகிற இந்தச் சாப்பாடு இப்போது கொழும்பின் இரவுக்கே சொந்தமாகிவிட்டது. சூடான தட்டில் வெங்காயம், லீக்ஸ், கரட், முட்டை போட்டு, அதன் மேல் கிழித்த வீச்சு ரொட்டி, பிறகு கறியும் குழம்பும். இரண்டு மழுங்கிய இரும்புத் தகடுகளால் தட்டியே ஒன்றாகக் கொத்துவார்கள். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு தாளம் இருக்கிறது. அடிக்கடி போகிறவர்களுக்குத் தட்டும் சத்தத்திலேயே யார் நிற்கிறார் என்று தெரியும்.

முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் சாதாரணக் கோழிக் கொத்திலேயே தொடங்குங்கள். கொள்ளுப்பிட்டியில் பிலாவூஸ் என்ற பெயர் சீஸ் கொத்துக்குப் பிரபலம். இளைஞர்கள் நடுச்சாமத்திலும் நிற்பார்கள். நல்லதுதான், ஆனால் சீஸ் போட்டதும் மசாலாவின் குரல் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அதை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டொல்பின் கொத்து என்று பலகையில் கண்டால் பயப்பட வேண்டாம், டொல்பினுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ரொட்டித் துண்டுகள் பெரிதாக இருக்கும், அவ்வளவே. பிட்டுக் கொத்தும் இடியப்பக் கொத்தும் வயிற்றுக்கு இதமானவை.

ஒரு முழுக் கொத்து இரண்டு பேருக்குக் காணும். குழம்பைத் தனியாகக் கேட்டு வாங்கி, சாப்பிடச் சாப்பிட ஊற்றிக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் மரக்கறிக் கொத்து கேட்டாலும் அது இறைச்சி கொத்திய அதே தட்டில்தான் வேகும். அது ஒத்துவராதவர்கள் சைவக் கடையிலேயே கொத்து கேட்கலாம், பல இடங்களில் போடுகிறார்கள்.

கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் கடையில் "நானா", வெள்ளவத்தையில் "அண்ணை" அல்லது "தம்பி", சிங்களக் கடையில் இளையவர் என்றால் "மல்லி", மூத்தவர் என்றால் "அய்யா". முறை வைத்துக் கூப்பிட்டால் முகம் மலரும், முட்டையும் ஒன்று கூடுதலாக விழலாம்.

புதுக்கடையும் கொம்பனித்தெருவும்

இரவு எட்டு மணிக்கு மேல் உடம்பில் தெம்பு இருந்தால் புதுக்கடைக்கு, அதாவது அளுத்கடைக்குப் போங்கள். பகலில் நீதிமன்றங்களும் கறுப்புக் கோட்டுகளுமாக இருக்கிற வட்டாரம். இரவில் தெருவே அடுப்படியாகிவிடும். ஆட்டுக்கால் பாயா, சுட்ட கோழி, பொரித்த மீன், ரொட்டி, பலூடா. கூட்டமாகப் போய் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுகிற இடம் இது. விலைப்பலகை பார்த்து, தட்டு வருவதற்கு முன் கணக்கைப் பேசிவிடுங்கள். ஊருக்குப் புதியவர் என்று தெரிந்தால் கூட்டிக் கேட்கிற கடைகளும் உண்டு, நேர்மையான கடைகளும் பக்கத்திலேயே உண்டு.

கொம்பனித்தெருவில் மலாயக் குடும்பங்களின் சமையல் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அந்தத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களின் வழி. உயர்ந்த கட்டடங்கள் எழும்பி அந்தத் தெரு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது, ஆகவே இருக்கும்போதே போய்விடுங்கள். பிட்டும் பாபத்தும், அதாவது ஆட்டுக் குடல் அல்லது மாட்டுக் குடல் கறி, அங்கே கேட்டுப் பாருங்கள். வட்டிலப்பமும் மலாயர் வழி வந்ததென்றுதான் சொல்வார்கள். தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம், சாதிக்காய் சேர்த்து ஆவியில் அவித்தது. நல்ல வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றிலிருந்து கருப்பட்டிப் பாகு மெதுவாகக் கசியும். வழுவழுவென்று துளையே இல்லாமல் இருந்தால் முட்டை குறைத்து வேறு ஏதோ சேர்த்து உறையவைத்திருக்கக்கூடும்.

முஸ்லிம் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். பெரிய சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் புரியாணி சாப்பிடுவது கடையில் கிடைக்காத சாப்பாடு. உங்கள் முன்னால் இருக்கிற பங்கை மட்டும் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. நடுவில் வைத்த இறைச்சியை மூத்தவர் பிரித்துத் தருவார்.

நாட்காட்டியையும் பாருங்கள்

போயா நாட்களில், அதாவது பௌர்ணமி நாட்களில், இறைச்சிக்கடைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும். மரக்கறிக்கும் இனிப்புக்கும் அது நல்ல நாள். மே மாதம் வெசாக் என்றால் தன்சல் பந்தல்கள் தெருவெங்கும் முளைக்கும். சோறு, கிழங்கு, ஐஸ்கிரீம், குளிர்பானம் என்று வருகிறவருக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் வரிசையில் நில்லுங்கள், கொடுப்பதுதான் அவர்களுக்குப் புண்ணியம். ரமழான் மாதப் பின்னேரங்களில் பள்ளிவாசல் பக்கம் நோன்புக் கஞ்சியும் சமோசாவும் கிடைக்கும், புதுக்கடையும் விடியும்வரை விழித்திருக்கும். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற நாட்களில் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தலும் மோரும் உண்டு.

வயிற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. தண்ணீர்ப் போத்தலில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா, மூடி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாளே இறால் வடை, அச்சாறு, கூழ் மூன்றையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். முதல் நாள் இடியப்பமும் சொதியும், மற்றது மறுநாளிலிருந்து.

ஊருக்குப் போகும்போது

வெள்ளவத்தைக் கடைகளில் பனங்கட்டி, எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை எல்லாம் பை போட்டு விற்பார்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வாங்குவது அவைதான். பருத்தித்துறை வடையை வாங்கும்போது பையைக் கையில் அழுத்திப் பாருங்கள்; வடைகள் நொறுங்காமல் முழுசாக இருக்க வேண்டும், பையின் அடியில் எண்ணெய் கசிந்திருக்கக்கூடாது. கித்துள் கருப்பட்டி வாங்குகிறவர்கள் விலை மிகவும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள், சீனி கலந்தது அதிகம். உடைத்தால் உள்ளே கறுத்த பழுப்பாக, கொஞ்சம் இளக்கமாக இருப்பது நல்லது.

யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் பெரும்பாலும் வெள்ளவத்தையிலிருந்தே கிளம்பும். ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் பக்கத்துக் கடையில் சூடாக நாலு மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம், வேர்த்துப்போகும். தாளில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பஸ் புத்தளம் தாண்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.